ஒரு வரியும் விடாமல்

நெடுங்கடவு
4 ஆகஸ்ட் 1990

அன்புள்ள தங்கை சுகுவுக்கு,

நானும் வீடும் கிணறும் நலம். பிலாயில் நீயும் பாஸ்கரனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு மறுபடி வேலை கிடைத்திருக்கிறது. ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷம் கழித்து வந்த வேலை என்பதால் சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை. மாநிலத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிடுவது என்று புறப்பட்டிருக்கிறார்கள். எங்கள் வார்டுக்கு நான் பொறுப்பு. டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று ஊரில் பேச்சு. பொய்யில்லை.

வீடு வீடாகப் போய் எண்ணினோம். எழுத்துத் தெரியாதவர்கள் நாற்பத்து மூன்று பேர். இதே ஊரில் முப்பத்தாறு வருஷம் பாடம் நடத்தியவளுக்கு அந்த எண்ணைக் கேட்க எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

கயிறு சங்கத்துக் கொட்டகையில் பகல் மூன்று மணிக்கு வகுப்பு. காயல் கரையில் கயிற்று நாருக்காகத் தேங்காய் மட்டை அடித்துவிட்டு நேரே வந்து உட்காருகிறார்கள். கொட்டகை முழுக்க ஊறின மட்டை வாசனை. முதல் நாளே ஒன்று தெரிந்தது: பாதிப் பேருக்குப் புத்தகமே கண்ணுக்குத் தெரியவில்லை. வீடுகளில் சும்மா கிடக்கும் பழைய கண்ணாடிகளைக் கேட்டு வாங்கி ஒரு கூடையில் போட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்து எது சேர்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். நம் தோட்ட வேலைக்கு வரும் கண்ணனின் அப்பா கண்ணாடி, சங்கத்து நாணிக்கு வெகு பொருத்தம். அவர் உயிரோடு இருந்தபோது இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

நாற்பத்து மூன்றில் நாற்பத்தொரு பேர் வந்துவிட்டார்கள்.

எனக்கு முட்டுவலி இருக்கிறது, படிகளில் மட்டும். உன் கழுத்துவலி எப்படி? உயரமான தலையணை வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது.

அன்புடன்,
வசுமதி


பிலாய்
19 ஆகஸ்ட் 1990

சேச்சிக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் நலம். கழுத்துவலி நலம். தலையணையும் நலம். நீங்கள் விசாரிக்காமல் ஒரு கடிதத்தை முடித்தால் அன்றைக்கு நான் பயந்துவிடுவேன்.

அறுபத்தாறு வயதில் பொறுப்பா? வேண்டாம் என்று எழுத நினைத்தேன். பிறகு காலரா வந்த வருஷம் நினைவுக்கு வந்தது. வீடு வீடாகப் போய்க் கிணற்றில் மருந்து போட்டுவிட்டுக் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் தேதி எழுதி வைத்தவரிடம் என்ன சொல்லி என்ன பயன்? பள்ளிக்கு வராத பெண்களைத் தேடி வருகைப் பதிவேட்டோடு மட்டை அடிக்கிற இடத்துக்கே போய், அங்கேயே பெயர் கூப்பிட்டவரும் நீங்கள்தானே. "ஆஜர் டீச்சர்" என்று மட்டைக்கோலை வைத்துக்கொண்டு அவர்கள் பதில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

வராத அந்த இரண்டு பேர் யார்? என் தாட்சாயணி வந்துவிட்டாள் அல்லவா? இரண்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். ஒரு மழைக்காலத்தில் அவள் அம்மா வந்து மட்டை அடிக்கக் கூட்டிப்போனதுதான். அவளும் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டால் எனக்கு ஒரு சிநேகிதி கடிதம் போடுவாள்.

அன்புடன்,
சுகு


நெடுங்கடவு
11 செப்டம்பர் 1990

அன்புள்ள சுகு,

இங்கே நலம். ஓணத்துக்கு நீ அனுப்பிய வேட்டியைக் கண்ணனிடம் கொடுத்தேன். உடனே உடுத்திக்கொண்டு எங்கெங்கோ போய்விட்டு வந்தான்.

வராதவர்களில் செல்லப்பனும் ஒருவன். எழுபத்தொரு வயதிலும் கள் இறக்குகிறான். மூன்று தடவை வீட்டுக்குப் போனேன், மூன்று தடவையும் கொல்லை வழியாக இறங்கிப் போய்விட்டான். நாலாம் தடவை அவன் மரத்தில் இருக்கும்போது போய் அடியில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வெகுநேரம் கழித்து மேலேயிருந்து குரல் வந்தது.

"டீச்சர் போயாச்சா?"

"இல்ல செல்லப்பா. மணி ரெண்டுதான் ஆகுது. மெதுவா இறங்கு."

இறங்கினான். வேறு என்ன செய்வான்? இப்போது அவன்தான் வகுப்பில் முதலாவதாக வருகிறவன். போன வாரம் பஸ்ஸில் பலகையை மாற்றாமல் விட்டுவிட்டார்கள் என்று கண்டக்டரோடு சண்டை போட்டிருக்கிறான். அவனுக்கு எழுத்து வந்ததால் ஊருக்குத்தான் தொல்லை.

கண்ணாடிக் கூடையில் இனி நாலுதான் பாக்கி. மழை விட்டுவிட்டது. கொட்டகைக் கூரையை நானும் சங்கத்துப் பெண்களும் சேர்ந்து வேய்ந்தோம். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா?

அன்புடன்,
வசுமதி


பிலாய்
2 அக்டோபர் 1990

சேச்சிக்கு,

இங்கே நலம். ஒத்தடம் கொடுக்கிறேன்.

செல்லப்பன் கதையைப் பாஸ்கரேட்டனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன், நான் கேட்டதற்குப் பதில் இல்லை. தாட்சாயணி வந்தாளா?

செல்லப்பன் வீடு ஆற்றுக்கு அப்புறம். அங்கே நாலு தடவை போயிருக்கிறீர்கள். தாட்சாயணி வீடு நம் வேலிக்கு அடுத்த வேலி. அங்கே ஒரு தடவை போனதாகக்கூட எழுதவில்லை. அவள் புருஷன் பார்கவன் அண்ணன் சிங்கப்பூருக்குப் போனபிறகு அவருடைய கடிதங்களையெல்லாம் அவளுக்குப் படித்துச் சொன்னவர் நீங்கள். அவள் சொல்லச் சொல்லப் பதில் எழுதிக் கொடுத்தவரும் நீங்கள். உங்கள் பேச்சை அவள் தட்டவே மாட்டாள்.

அவளோடு ஏதாவது மனஸ்தாபமா?

சுகு


நெடுங்கடவு
9 நவம்பர் 1990

அன்புள்ள சுகு,

ஒரு மாதமாக எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் கூப்பிடவில்லை. தாட்சாயணி தானாகவே வந்துவிட்டாள். போன திங்கட்கிழமை கொட்டகை வாசலில் கை துடைத்துக்கொண்டு நின்றாள். செல்லப்பனுக்கே வந்துவிட்டது, தனக்கு வராதா என்று எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"எனக்கு பஸ் போர்டெல்லாம் படிக்க வேண்டாம் டீச்சர். அவர் போட்ட கடுதாசி எல்லாம் அந்த பிஸ்கட் டின்ல இருக்கு. ஒரு தடவை நானே படிச்சுப் பாக்கணும். உங்க குரல்லயே கேட்டுக் கேட்டு அவர் குரல் எனக்கு மறந்து போச்சு."

கூடையிலிருந்த கண்ணாடி ஒன்றும் அவளுக்குச் சேரவில்லை. என் பழைய கண்ணாடி சேர்ந்தது.

சுகு, இருபத்து நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். 1966இல் அவள் அம்மா இறந்த பதினாறாம் நாள் பார்கவனின் கடிதம் ஒன்று வந்தது. சடங்கு முடிந்து, வந்தவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தாட்சாயணி அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தேன். எனக்கு இங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது, ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது, இனி வரமாட்டேன், எனக்காக நீ காத்திருக்க வேண்டாம், உனக்கு நல்ல இடம் அமைந்தால் எனக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தான்.

"கப்பல் பட்டறையில் வேலை அதிகம், இந்த வருஷம் வர முடியாது" என்று படித்தேன்.

அவளுக்கு அம்மா போய்ப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு மாதம் போகட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த கடிதத்தில் அவன் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. மழை, வேலை என்று பொதுவாக எழுதியிருந்தான். நானும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒவ்வொரு மாதமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. 1970இல் அவன் எழுதுவதையே நிறுத்திவிட்டான்.

ஊரில் எல்லோருக்கும் எழுத்து வர வேண்டும் என்று ஊர்வலம் போகிறேன். அவளுக்கு மட்டும் வராமல் போகட்டும் என்று மூன்று மாதம் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். இதைவிட வெட்கக்கேடு வேறு என்ன இருக்கிறது?

உன் கழுத்து எப்படி இருக்கிறது?

வசுமதி


பிலாய்
17 நவம்பர் 1990

சேச்சி,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். கழுத்தைப் பற்றிக் கேட்க உங்களுக்கு எப்படித்தான் மனசு வந்ததோ.

நீங்கள் செய்தது சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த முற்றத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் படித்திருப்பேன்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் பாடப் புத்தகத்தில் இருப்பது அச்செழுத்து. பார்கவன் அண்ணன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், போஸ்ட்மேனே திணறுவார். அவள் பஸ் போர்டு படிக்கட்டும், ரேஷன் அட்டை படிக்கட்டும். அந்தக் கையெழுத்து யாருக்கும் வராது என்று சொல்லிவிடுங்கள். அது முக்கால்வாசி உண்மைதானே.

நாற்பத்தேழு வருஷமாக அந்த ஊருக்காக நடந்து நடந்து முட்டி தேய்ந்தவர் நீங்கள். இந்த ஒன்றால் உங்கள் பெயர் கெடுவதை என்னால் பார்க்க முடியாது. தாட்சாயணிக்கும் ஐம்பத்திரண்டு வயது ஆகிவிட்டது. இனித் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

உடனே பதில் போடுங்கள்.

சுகு


நெடுங்கடவு
14 ஜனவரி 1991

அன்புள்ள சுகு,

உடனே பதில் போடாததற்குக் காரணம் உண்டு. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

தாட்சாயணி போலப் படித்தவர் யாரும் இல்லை. கயிறு திரிக்கும்போது ராட்டைத் தூணில் அன்றைய பாடத்தை ஒட்டி வைத்துக்கொண்டு முன்னாலும் பின்னாலும் நடந்தபடி படிப்பாள். ஆறு வாரத்தில் புத்தகத்தை முடித்துவிட்டாள். பிறகு நீ எழுதியபடியே நடந்தது. டின்னைத் திறந்து பார்த்தாளாம், ஒரு சொல்கூடப் பிடிபடவில்லையாம். கிளாஸ் முடிந்து எல்லோரும் போனபிறகு வந்து நின்றாள்.

"புத்தகத்துல இருக்குற எழுத்து வேற மாதிரி இருக்கு டீச்சர். அவர் எழுத்து எனக்கு வராதா?"

நீ சொன்ன பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். ஏழாம் வயதில் அவளை அவள் அம்மா கூட்டிப்போனபோது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். வீட்டு விஷயம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் மற்றப் பெண்களைத் தேடிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். நீ அந்த நடையைப் புகழ்ந்து எழுதுகிறாய். முதலில் போயிருக்க வேண்டிய வீட்டுக்கு நான் போகவே இல்லை.

சிலேட்டை எடுத்தேன். பார்கவன் எப்படி எழுதுவான் என்று எழுதிக் காட்டினேன். சுழியைப் போடாமல் இழுத்துவிடுவான். இரண்டு எழுத்தை ஒன்றாக்கி எழுதுவான். வரி முடியும் இடத்தில் சொல்லைக் கீழே தொங்கவிடுவான். பதிமூன்று வருஷம் படித்த கையெழுத்து, எனக்கு மறக்கவில்லை. பதினெட்டு நாள் சொல்லிக்கொடுத்தேன். கடைசி நாள் அவன் கையெழுத்துப் போலவே நான் எழுதிய பத்து வரியைத் தடங்கலில்லாமல் படித்துவிட்டாள். என் வாழ்நாளில் இதைவிட நன்றாக நான் யாருக்கும் பாடம் சொல்லிக்கொடுத்ததில்லை, சுகு.

நானே வாயால் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை ஆரம்பித்தேன். தைரியம் வரவில்லை.

அங்கே குளிர் அதிகமா? கழுத்தில் கம்பளி சுற்றிக்கொள்.

வசுமதி


நெடுங்கடவு
20 பிப்ரவரி 1991

அன்புள்ள சுகு,

நலம்.

தாட்சாயணி பதினோரு நாளாக வகுப்புக்கு வரவில்லை. ராட்டையிலும் அவளைக் காணோம். வேலிக்கு அந்தப் பக்கம் புகை வருகிறது, அதனால் சமைக்கிறாள் என்று தெரிகிறது. நேற்றுப் போனேன். கதவு சாத்தியிருந்தது. வாசல்படியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். உள்ளே பாத்திரம் நகரும் சத்தம் கேட்டது.

அடுத்த மாதம் பரீட்சை. ஒருவர் எழுதாவிட்டாலும் வார்டு பாக்கி என்றுதான் பெயர். டீச்சர் போய்க் கூப்பிடக் கூடாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

வசுமதி


நெடுங்கடவு
6 மார்ச் 1991

சுகுமாரிக்குத் தாட்சாயணி எழுதுவது.

நான் நலம். நீயும் புருஷனும் நலமா? இதை நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. தப்பு இருந்தால் சிரிக்காதே. என் வாழ்க்கையில் இது முதல் கடிதம். தூரத்தில் இருக்கிற ஆள் எனக்கு நீ ஒருத்திதான்.

டின்னில் இருந்த கடிதம் எல்லாம் படித்துவிட்டேன். முப்பத்தொன்று. அம்மா செத்த பதினாறாம் நாள் வந்ததையும் படித்தேன். காத்திருக்க வேண்டாம் என்று அவர் அதில் எழுதியிருக்கிறார். உன் சேச்சி அதை எனக்குப் படிக்கவில்லை.

அந்த வருஷம்தான் பரவூர் மாமன் மகன் என்னைக் கட்டிக்கொள்ள ஆள் விட்டுக் கேட்டார். உனக்கு ஞாபகம் இருக்கும், நாடகத்தில் பாடுவாரே. எனக்குப் புருஷன் இருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்லும்போது பெருமையாகச் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

உன் சேச்சி வந்து படியில் உட்கார்ந்தார். நான் கதவைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. அதற்குத்தான் உனக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு கடிதத்தையும் படித்து முடிக்கும்போது டீச்சர் ஒரு வரி படிப்பார். "உன் தலைவலி எப்படி இருக்கிறது? உச்சி வெயிலில் மட்டை அடிக்காதே" என்று. மறக்காமல் படிப்பார். அந்த வரிக்காகத்தான் நான் கடிதத்துக்குக் காத்திருப்பேன். தலைவலியைப் பற்றி நான் அவருக்கு எழுதச் சொன்னதே இல்லை. கடலுக்கு அக்கரையில் இருந்தும் இவருக்கு எப்படித் தெரிகிறது என்று நினைத்து நினைத்துப் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையில்தான் அவ்வளவு வருஷம் ஓடியது.

முப்பத்தொரு கடிதத்திலும் தேடினேன். இரண்டு தடவை தேடினேன். அந்த வரி ஒன்றிலும் இல்லை.

எனக்குத் தலைவலி என்று யாருக்குத் தெரியும் சுகுமாரி? வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரே ஆளுக்குத்தான் தெரியும்.

இதை உன் சேச்சிக்கு எழுதாதே. நானே பார்த்துக்கொள்கிறேன்.

தாட்சாயணி


நெடுங்கடவு
12 ஏப்ரல் 1991

அன்புள்ள சுகு,

நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதிலே இல்லை. உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருந்தது. என்மேல் கோபம் என்றால் அதையாவது ஒரு வரி எழுதிப் போடு.

பரீட்சை முடிந்தது. கொட்டகையில் நாற்பத்திரண்டு பேர் உட்கார்ந்தபிறகு, மணி அடிப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் தாட்சாயணி வந்தாள். என் பழைய கண்ணாடியைப் போட்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. கடைசி வரிசையில் செல்லப்பன் நகர்ந்து இடம் கொடுத்தான்.

கடைசிக் கேள்வி, தெரிந்த ஒருவருக்குக் கடிதம் எழுதுவது. எங்கள் தாள்களைக் காயலுக்கு அக்கரை வார்டு டீச்சர்தான் திருத்தினார். எல்லோரும் தேறிவிட்டார்கள். முந்தாநாள் அவர் படகில் வந்து ஒரு தாளை என் கையில் கொடுத்தார். "கடிதத்துக்கு முழு மார்க் போட்டேன். ஆனா இது உங்களுக்கு வந்தது போல இருக்கு டீச்சர், எங்கிட்ட இருக்கக் கூடாது" என்றார். அதைக் கீழே எழுதுகிறேன்.

"டீச்சருக்கு. நான் நலம்.

கடிதம் எல்லாம் படித்தேன். நீங்கள் விட்டதைப் படித்தேன். நீங்கள் சேர்த்ததைத் தேடினேன்.

விட்டது தப்பு. அது எனக்கு வந்த கடிதம். படித்திருந்தால் அழுதிருப்பேன். அழுது முடித்து என்ன செய்யலாம் என்று நானே பார்த்திருப்பேன். அதை மன்னிக்க இன்னும் மனசு வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.

சேர்த்ததற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் படித்த புத்தகத்தில் அதற்குச் சொல் இல்லை. அவர் கையெழுத்தையும் நீங்களே சொல்லித் தந்தீர்கள். எதற்கென்று தெரிந்தே தந்தீர்கள். அதையும் நான் மறக்கவில்லை.

உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? உச்சி வெயிலில் நடக்க வேண்டாம்.

தாட்சாயணி."

என்னிடம் இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள். என் உடம்பை விசாரித்து எழுதிய முதல் மாணவி அவள். நேற்று வேலியருகே அவளைப் பார்த்தேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. திங்கட்கிழமை வகுப்பு உண்டா என்று மட்டும் கேட்டாள். உண்டு என்றேன்.

சுகு, அவள் எழுதியதை உனக்கு அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு வரியும் விடவில்லை. ஒரு வரியும் சேர்க்கவில்லை.

வசுமதி